கண்ணாடிக் கட்சியின் முதல் மனு

கட்சிக்கு முறையான பெயர் ஒன்று இருந்தது. நான்கு சொற்கள், நீளம் அதிகம், சொல்லி முடிப்பதற்குள் கேட்பவர் பாதி தூரம் போய்விடுவார். தேர்தல் சின்னமாக மூக்குக் கண்ணாடி கிடைத்த நாளிலிருந்து அந்தப் பெயருக்கு வேலை போயிற்று. ஊர் முழுக்கக் கண்ணாடிக் கட்சி என்றுதான் பேச்சு. "உங்க மாநாட்டுக்கு மைதானம் எதுக்கு, ஒரு பெஞ்சு போதாதா?" என்று கேலியும் உண்டு.

கேலி பண்ணுகிறவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. உறுப்பினர்கள் நாற்பத்தோரு பேர். கூப்பிட்டால் வருகிறவர்கள் ஒன்பது பேர். கட்சியின் தலைவர் ஒரு பல் டாக்டரம்மா. அவருடைய கிளினிக்குக்குப் பின்னால், முன்பு எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்த அறைதான் கட்சி அலுவலகம். நாற்காலி எட்டு. கடைசியாக வருகிறவர் மூலையில் கிடக்கும் பழைய பல் நாற்காலியில் சாய்ந்துகொண்டுதான் கருத்துச் சொல்ல வேண்டும். அதில் உட்கார்ந்து யார் வாயைத் திறந்தாலும் மற்றவர்களுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

கொள்கை மட்டும் சுருக்கமானது. அரசாங்கம் செய்வதெல்லாம் மக்களுக்குத் தெரிய வேண்டும். மக்கள் செய்வதெல்லாம் அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டியதில்லை. அவ்வளவுதான். இந்த இரண்டு வரிக்காகத்தான் ஒன்பது பேரும் எட்டு வருஷமாக அந்த அறையில் வியர்வை சிந்திக்கொண்டிருந்தார்கள்.

கட்சியின் செயலாளர் தையல் மிஷின் மெக்கானிக். கடைத்தெருவில் ஒற்றைக் கதவுக் கடை. ஐம்பத்திரண்டு வயது, மெல்லிய குரல், எண்ணெய் ஏறிய நகங்கள். மனு எழுதுவதில் கெட்டிக்காரர். எந்த அலுவலகத்தில் எந்தப் பிரிவுக்கு எந்தத் தாளில் எழுத வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். அவரை எல்லோரும் மெக்கானிக் என்றே கூப்பிட்டார்கள்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஊரின் ஒவ்வொரு தெருமுனையிலும் கேமராக் கம்பம் நட்டார்கள். போகிறவர் வருகிறவர் முகத்தை அது பார்த்து, இன்னார் என்று தெரிந்துகொண்டு, எழுதி வைத்துக்கொள்ளும். எழுதியதைக் காட்டு என்று கண்ணாடிக் கட்சி வழக்குப் போட்டது. கேமரா அலுவலகம் மூன்று வருஷம் விடாப்பிடியாக எதிர்த்து வாதாடியது. கடைசியில் தீர்ப்பு கட்சியின் பக்கம் வந்தது. யார் வேண்டுமானாலும் தன்னைப் பற்றிய கடந்த மூன்று மாதப் பதிவை மனுப் போட்டு வாங்கிக்கொள்ளலாம்.

தீர்ப்பு வந்த வாரமே வார்டு தேர்தலும் அறிவிப்பாயிற்று. டாக்டரம்மாதான் வேட்பாளர்.

"முதல் மனு நம்ம ஆளு ஒருத்தர் போடணும்" என்றார் அவர். "ரொம்ப சாதாரண ஆளா இருக்கணும். இவர்கிட்ட பாக்கறதுக்கு என்ன இருக்குன்னு ஜனங்க நெனைக்கணும். அப்படிப்பட்டவரையே இவ்வளவு எழுதி வெச்சிருக்காங்களான்னு வாயைப் பொளக்கணும்."

எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் மெக்கானிக்கைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஏன் எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்றார் அவர். பிறகு அவரே சிரித்துவிட்டார். வீடு, கடை, கிளினிக், மறுபடி வீடு. இதைத் தவிர அவருக்கு வேறு வழி தெரியாது.

பதினைந்தாம் நாள் உறை வந்தது. அறுபத்து நான்கு பக்கம். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனபோது எடுத்துக்கொண்டு போனார். அவர் மனைவி ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவு மேற்பார்வையாளர். அன்றைக்கு அவருக்கு வார விடுமுறை. தட்டை ஓரமாகத் தள்ளிவிட்டு இரண்டு பேரும் பக்கம் பக்கமாகப் படித்தார்கள்.

தேதி, மணி, கம்பத்தின் எண், முகப் பொருத்தம் நூற்றுக்கு எவ்வளவு. ஒரு வரிக்கு இவ்வளவுதான். காலை எட்டே முக்காலுக்கு வீட்டுத் தெரு. ஒன்பதுக்குக் கடைத்தெரு. முடி வெட்டிக்கொண்ட நாள், மழைக்கு ஒதுங்கிய இடம், எல்லாம் இருந்தது.

"போன மாசம் எனக்குத் தெரியாம ரெண்டு தடவை பேக்கரிக்குப் போயிருக்கீங்க" என்றார் மனைவி. "சர்க்கரை இருக்கற மனுஷன்."

"தீர்ப்பு வாங்கினது தப்பாப் போச்சு."

சிரித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டியவரின் விரல் ஒரு வரியில் நின்றது.

"இது என்னங்க, கம்பம் இருநூத்துப் பதினெட்டு?"

கடைசிப் பக்கத்துக் கம்பப் பட்டியலைப் பார்த்தார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஊரின் வடக்கே ஒரு தெரு. மெக்கானிக் அங்கே போனதே இல்லை. பதிவில் மட்டும் தினமும் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை தவிர ஒரு நாள் விடாமல் மாலை நான்கு மணி இரண்டு நிமிடத்துக்கு வருகை. நான்கு பதின்மூன்றுக்குப் புறப்பாடு. முகப் பொருத்தம் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது.

"யார் வீடு அது?" மனைவியின் குரலில் சிரிப்பு குறைந்திருந்தது.

"எனக்கென்ன தெரியும்? நாலு மணிக்கு நான் கடையிலதான் இருப்பேன். உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். இந்தப் பேப்பருக்குத் தெரியலையே."

மனைவிதான் மறுபடி உட்கார்ந்து வரிவரியாகத் தேடினார். கணவனைச் சந்தேகிப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்காகவே தேடினார் என்றும் சொல்லலாம். பத்து நிமிஷத்தில் கண்டுபிடித்துவிட்டார். அதே தேதிகளில், அதே நான்கு மணி சொச்சத்துக்கு, கடைக்கு எதிர்க் கம்பமும் மெக்கானிக்கைப் பதிவு செய்திருந்தது. கடை வாசலுக்கு வந்து டீ கிளாஸைத் திருப்பிக் கொடுத்த நேரம். அங்கேயும் தொண்ணூற்றொன்பது.

"ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல இருக்கீங்க" என்று பெருமூச்சு விட்டார் மனைவி. "கேமராதான் உளறியிருக்கு. சாப்பிடுங்க, ஆறிப்போச்சு."

கட்சி அலுவலகத்தில் அன்று மாலை கல்யாணக் களை. டாக்டரம்மா இரண்டு வரிகளையும் சிவப்புப் பேனாவால் சுழித்தார். "இதுதாங்க நமக்கு வேணும். இந்தக் கேமராவை நம்பித்தான் ஆளைப் பிடிக்கறாங்க, கேஸ் போடறாங்க. அது இப்படி உளறுதுன்னா?"

மின்வாரியத்தில் வேலை பார்த்த, ஆள் ஒல்லியாக இருந்ததால் கம்பி என்று பேர் வாங்கிய உறுப்பினர், "அண்ணே, ரெண்டு ஓட்டு போட முடியுமான்னு பாருங்க, நமக்கு ஒவ்வொண்ணும் முக்கியம்" என்றார். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

"அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி அந்த இடத்தை நான் ஒரு தடவை நேர்ல பாத்துடறேன்" என்றார் மெக்கானிக். பார்க்காத எதையும் அச்சில் போடக்கூடாது என்று கட்சியில் விதி எழுதியதே அவர்தான்.

மறுநாள் காலை பத்தரைக்குப் போனார். மனைவி நானும் வருவேன் என்று ஆஸ்பத்திரிக்கு லீவு சொல்லிவிட்டுக் கூடவே கிளம்பினார்.

நல்ல வெயில். அகலமில்லாத தெரு, இரண்டு பக்கமும் மாடி வைத்த சின்ன வீடுகள். ஒரு வீட்டில் யாரோ மிக்ஸியை ஓட்டும் சத்தம். இருநூற்றுப் பதினெட்டாம் கம்பம் ஒரு பச்சை இரும்பு கேட்டுக்கு நேர் எதிரே நின்றது. கம்பத்தின் அடியில் சிமெண்டுத் தரை மட்டும் ஒரு ஆள் நிற்கும் அளவுக்குத் தேய்ந்து வழவழப்பாக இருந்ததை மனைவி கவனித்தார்.

மெக்கானிக் கம்பத்தின் எண்ணைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது பச்சை கேட் திறந்தது. நாற்பது வயதிருக்கும் பெண் ஒருத்தி, கையில் ஈரத் துணி வாளியோடு வெளியே வந்தவள், அவரைப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

"என்ன சார், இன்னைக்குக் காலையிலயே வந்துட்டீங்க?"

மெக்கானிக் கம்பத்தை விட்டு ஓரடி பின்வாங்கினார்.

"இவரைத் தெரியுமாம்மா உனக்கு?" என்று கேட்டது மனைவிதான்.

"நல்லாத் தெரியும். போன வருஷத்துலேருந்து தினம் நாலு மணிக்கு வந்து இங்கயே நிப்பாரே. உள்ள வாங்கன்னு எத்தனை தடவை கூப்பிட்டிருக்கேன். தலையை மட்டும் ஆட்டுவாரு. ஆரம்பத்துல எனக்குக் கொஞ்சம் பயமாத்தான் இருந்துச்சு. ஆனா எங்கப்பாவுக்கு இவர் வந்தாத்தான் அன்னைய பொழுது போகும்." அவள் மேலே கையைக் காட்டினாள். மாடி ஜன்னல் திறந்திருந்தது. "பக்கவாதம் வந்து படுத்தவரு. ஜன்னல் பக்கமா கட்டிலைப் போட்டிருக்கேன். இவர் கீழ நின்னு பாப்பாரு, அவர் மேலேருந்து பாப்பாரு. பேச்சே கிடையாது. அப்புறம் கையைத் தூக்கிக் காட்டிட்டுப் போயிடுவாரு. இன்னைக்காவது மேல வாங்களேன். அவருக்கு ரொம்ப சந்தோஷமா இருக்கும்."

வேண்டாம் என்று மெக்கானிக் சொல்வதற்குள் மனைவி படியேறத் தொடங்கியிருந்தார்.

மாடி அறையில் தைல வாசனை. கட்டிலில் ஒரு கிழவர், இடது பக்கம் விழுந்துபோன முகத்தோடு, ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தார். மகள் குனிந்து, "அப்பா, யாரு வந்திருக்கா பாருங்க" என்றாள். கிழவர் மெதுவாகத் திரும்பினார். மெக்கானிக்கின் முகத்தை நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் அவசரப்படாமல் பார்த்தார். கண்ணில் இருந்த வெளிச்சம் வடிந்தது.

"இவர் இல்ல" என்றார்.

"அப்பா, அவரேதாம்ப்பா. பக்கத்துல பாத்ததில்லல்ல, அதான்."

"இவர் இல்லம்மா." குழறலாக வந்தாலும் பேச்சு தெளிவாகவே இருந்தது. "அவர் என்னைப் பாக்க வர்றவரு. இவர் என்னைப் பாத்து பயப்படறாரு."

மனைவி கட்டிலுக்கு அருகே போனார். "அவர் எப்படிங்க ஐயா இருப்பாரு?"

"இவரு மாதிரியேதான்" என்றார் கிழவர். "அதே மூக்கு, அதே முழி. ஆனா அவருக்கு எந்த அவசரமும் கிடையாது." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில், பாலம் வந்தபோது மெக்கானிக், "ஒருத்தரை மாதிரி இன்னொருத்தர் இருக்கறது உலகத்துல இல்லாததா?" என்றார்.

"இருக்கலாம்" என்றார் மனைவி.

அன்று மாலை டாக்டரம்மா கேட்டபோது, "போய்ப் பாத்தேன். சும்மா ஒரு தெரு. ஒண்ணும் இல்ல" என்று மெக்கானிக் சொல்லிவிட்டார். எட்டு வருஷத்தில் அந்த அறையில் அவர் சொன்ன முதல் பொய்.

துண்டுப் பிரசுரம் வெளிவந்தது. 'ஒரே ஆள், ஒரே நேரம், இரண்டு இடம்' என்று தலைப்பு. கீழே மெக்கானிக்கின் படம். இதுவரை கண்ணாடிக் கட்சியின் தாளை வாங்கி வெற்றிலை பாக்கு மடித்தவர்களெல்லாம் நின்று படித்தார்கள். பத்திரிகைகளில் செய்தி வந்தது. கடைக்கு வந்தவர்கள், "நீங்க ஒரிஜினலா, டூப்ளிகேட்டா?" என்று கேட்டுவிட்டுத் தாங்களே சிரித்தார்கள். மெக்கானிக்கும் கூடச் சிரித்தார். ராத்திரி சாப்பாட்டில் மட்டும் கை தட்டில் அளைந்துகொண்டிருந்தது.

"அந்தப் பெரியவர் சொன்னதை நீங்க எழுதலையே" என்றார் மனைவி.

"எழுதினா யார் நம்புவாங்க?"

"நம்பறதும் நம்பாததும் அவங்க பாடு. நீங்கதானே இதை இத்தனை வருஷமா சொல்லிக்கிட்டிருக்கீங்க?"

மறுநாள் மூன்று மணிக்கே மெக்கானிக் கடையை இழுத்துப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறினார். அந்த ஆளை நேருக்கு நேர் பார்த்துவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தார். யார் பெற்ற பிள்ளையோ, நாலு வார்த்தை பேசி, ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் தீர்ந்தது. பொய்யும் உண்மையாகிவிடும்.

நான்கு அடிக்கும்போது கம்பத்துக்கு அருகே இருந்தார். தெருவில் யாரும் வரவில்லை. ஒரு நாய்கூட இல்லை. நான்கு இரண்டு ஆயிற்று. எந்த இடத்தில் நின்றால் இரண்டு முனையும் தெரியும் என்று நகர்ந்து நகர்ந்து பார்த்தவர், கடைசியில் கம்பத்தின் அடியில் அந்த வழவழப்பான சிமெண்டின் மேல் நின்றார். செருப்பு அதில் சொல்லிவைத்தாற்போல் பொருந்தியது. நிமிர்ந்தால் மாடி ஜன்னல். கிழவர் பார்த்துக்கொண்டிருந்தார்.

பார்வையை விலக்கிக்கொள்ளத்தான் நினைத்தார். முடியவில்லை என்பதில்லை, விலக்க வேண்டும் என்ற எண்ணமே மெல்லக் கரைந்து போயிற்று. கடை, கட்சி, தேர்தல் எல்லாம் வேறு யாரோ ஒருவருடைய கவலை போலத் தூரத்தில் கிடந்தன. மனசு கழுவி விட்ட தரை மாதிரி இருந்தது. அவர் கை தானாக உயர்ந்து அசைந்தது. கிழவரும் நல்ல கையைத் தூக்கிக் காட்டினார். முகத்தில் வெளிச்சம் வந்திருந்தது.

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு பதின்மூன்று.

ஓடாத குறையாக அங்கிருந்து கிளம்பினார். எதிரே வந்த தண்ணீர் கேன்காரர், "நாளைக்குப் பாக்கலாம் சார்" என்று சொல்லிக்கொண்டே போனார்.

நேரே வீட்டுக்குத்தான் வந்தார். ஐந்தரை மணி. மனைவி அப்போதுதான் வேலையிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டீங்களா? சரி, எங்க ஆஸ்பத்திரி மிஷின் முடிஞ்சுதா? சூப்பரின்டெண்ட் உயிரை எடுக்கறாரு. கேட்டா ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன, தலையை மட்டும் ஆட்டறீங்க."

"எப்ப கேட்டே?"

"விளையாடாதீங்க. நாலு மணிக்குக் கடைக்கு வந்தேன்ல. நீங்க மிஷினைப் பிரிச்சுப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தீங்க. தொந்தரவு பண்ண வேணாம்னு நானும்..." கணவனின் முகத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தினார். ஈரக் காலோடு அப்படியே நின்றார். "நீங்க எங்க போயிருந்தீங்க?"

இரண்டு பேருமாகக் கடைக்குப் போனார்கள். வெளிச்சம் இன்னும் இருந்தது; கடைத்தெருவில் ஜன நடமாட்டம். பூட்டு அவர் போட்டபடியே தொங்கியது. சாவி அவர் சட்டைப்பையில். கதவைத் தூக்கினார்.

படுக்கை விரிப்பு ஓரம் அடிக்கும் ஆஸ்பத்திரி மிஷின் பலகையின் மேல் இருந்தது. ஒரு வாரமாக அது அவரைப் படாத பாடு படுத்திக்கொண்டிருந்தது. எங்கே என்ன சரி செய்தாலும் நாலு தையலுக்கு ஒன்று விட்டுப் போகும். காலையில் பாகங்களைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தார். இப்போது மூடி போட்டு, துடைத்து, முழுசாக நின்றது. ஊசிக்குக் கீழே ஒரு முழம் வெள்ளைத் துணி. அதன் ஓரத்தில் ஒரு தையல்கூட விடாமல் எறும்பு வரிசை போல் ஓடியிருந்தது.

மெக்கானிக் கால் வைத்து ஓட்டிப் பார்த்தார். சத்தமே இல்லை.

"என்னால இது முடியலடி" என்றார் மெதுவாக. "ஒரு வாரமா முடியல."

மனைவி அவர் தோளில் கை வைத்தார். கை வைத்ததும், ஒரு கணம், எடுக்கலாமா என்று யோசித்தது போல அந்தக் கை கனம் குறைந்தது. பிறகு அழுத்திப் பிடித்துக்கொண்டது.

இரண்டு நாள் கழித்து, முற்பகலில், கடைக்கு ஒரு பெண்மணி வந்தார். நடுத்தர வயது, களைத்த முகம், கையில் ஒரு பழைய கைத் தையல் மிஷின். மெக்கானிக் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"இதுல ஒண்ணும் கோளாறு இல்லீங்களே."

"இல்லதான்" என்றார் அந்தப் பெண்மணி. ஸ்டூலை இழுத்துத் தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். "வெறுங்கையோட வந்தா ஏன் வந்தேன்னு கேமராவுக்குப் பதில் சொல்லணும். நான் கேமரா ஆபீஸ்ல வேலை செய்யறேன். உங்க நோட்டீஸைப் பாத்தேன். எங்க ரிக்கார்டுல தப்பு இருக்குன்னு போட்டிருக்கீங்க. தப்பு இல்ல சார்."

மெக்கானிக் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார்.

"மூணு வருஷம் கேஸ் நடத்தினோமே, எதை ஒளிக்கறதுக்குன்னு நெனச்சீங்க? நாங்க ஜனங்களை வேவு பாக்கறதையா? அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. இதைத்தான் சார் ஒளிச்சோம். முதல் வருஷம் நாப்பது பேர் இப்படி ஒரே நேரத்துல ரெண்டு எடத்துல வந்தாங்க. மிஷின் கோளாறுன்னு கம்பெனிக்காரங்களை வரவழைச்சு அத்தனை கம்பத்தையும் மாத்தினோம். அடுத்த வருஷம் இருநூறு. நேர்ல போய்ப் பாக்க ஆள் அனுப்பினோம். போனவங்க திரும்பி வந்து ரிப்போர்ட் எழுத மாட்டேன்னுட்டாங்க. அதுக்கப்புறம் எண்ண வேணாம்னு மேலேருந்து சொல்லிட்டாங்க."

"இப்ப எத்தனை பேர் இருப்பாங்க?"

"அதான் சொன்னேனே. எண்ணறதை நிறுத்திட்டோம்."

"அவங்க..." மெக்கானிக் தெருவை ஒரு தடவை எட்டிப் பார்த்தார். "அவங்க என்ன பண்றாங்க?"

"ஒண்ணும் கெடுதல் பண்றதில்ல. எங்கயாவது போய் நிக்கறாங்க. ஆஸ்பத்திரி வாசல்ல, யாரோ ஒருத்தர் வீட்டுக்கு எதிர்ல, ஸ்கூல் கேட்டுகிட்ட. நமக்கு நேரம் இல்லாத எடத்துல." அந்தப் பெண்மணி எழுந்து மிஷினைத் தூக்கிக்கொண்டார்.

"உங்களுக்கும் அப்படி ஒருத்தர் இருக்காங்களா?" என்று கேட்டார் மெக்கானிக்.

"தினம் வர்ற பதிவையெல்லாம் டைப் அடிக்கறது நான்தான். என் பேர் வர வேண்டிய பக்கம் வந்தா பக்கத்து சீட்டுக்காரிகிட்ட குடுத்துடுவேன். இதுவரைக்கும் நான் கேட்டதில்ல, அவளும் சொன்னதில்ல."

அன்று சாயங்காலம் கட்சி அலுவலகத்தில் மெக்கானிக் கடைசியாகப் போய்ச் சேர்ந்தார். பல் நாற்காலியில்தான் இடம் கிடைத்தது. சாயாமல் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, தான் சொன்ன பொய்யிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை.

டாக்டரம்மா வெகுநேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தார். "அண்ணா, நீங்க எங்கிட்ட மறைச்சது எனக்கு வருத்தம்தான். அதை அப்புறம் பேசிக்கலாம். ஆனா இதை வெளிய சொல்ல முடியாது. சொன்னா பைத்தியக்காரக் கூட்டம்னு சொல்வாங்க. நம்பிட்டாங்கன்னா அதைவிட மோசம். வீட்டுக்கு வர்ற புருஷனைப் பொண்டாட்டி எப்படிப் பாப்பா? தேர்தல் முடியட்டும். நேரம் பாத்து, பக்குவமா சொல்லலாம்."

"கோர்ட்ல கேமரா ஆபீஸ் வக்கீல் சொன்னதும் இதேதாங்க டாக்டரம்மா" என்றார் மெக்கானிக். "நேரம் பாத்து, பக்குவமா சொல்வோம்னாரு. நான் குறிப்பு எடுத்து வெச்சிருக்கேன்."

டாக்டரம்மாவின் முகம் சிவந்தது. கடைசியில் வழக்கம்போல் வாக்கெடுப்பு. சொல்லலாம் என்று ஐந்து கைகள், வேண்டாம் என்று நான்கு. டாக்டரம்மா வேண்டாம் பக்கம். ஆனால் முடிவு வந்ததும் அவர்தான் முதலில் எழுந்து, "சரி, ஞாயித்துக்கிழமைக் கூட்டத்துல சொல்வோம். மைக்குக்கு நான் சொல்லிடறேன்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குச் சந்தை மைதானத்தில் நானூறு பேர் கூடியிருந்தார்கள். கட்சியின் வரலாற்றில் அவ்வளவு தலைகளை அவர்கள் பார்த்ததில்லை. மெக்கானிக் மைக்கைப் பிடித்துச் சொல்லத் தொடங்கினார். மேடைப் பேச்சுக்கு உரிய ஏற்ற இறக்கம் எதுவும் அவருக்கு வராது. கடையில் வாடிக்கையாளரிடம் மிஷினில் என்ன பழுது என்று விளக்குகிற மாதிரியே சொன்னார். பேசும்போது முன்வரிசைக்காரர்களின் முகத்தைத் தாண்டி அவர் கண்ணை உயர்த்தவில்லை. கூட்டத்தின் கடைசியில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்க அவருக்குத் துணிச்சல் இல்லை.

முதலில் அங்கங்கே சிரிப்பு. கிழவர் 'இவர் இல்ல' என்று சொன்ன இடத்தில் சிரிப்பு நின்றது. துணியில் ஓடியிருந்த தையலைப் பற்றிச் சொன்னபோது யாரோ குழந்தையை அடக்கும் சத்தம் மட்டும் கேட்டது. முடித்துவிட்டு, "இவ்வளவுதாங்க எனக்குத் தெரிஞ்சது. இதுக்கு மேல தெரியாது" என்று இறங்கினார்.

கைதட்டல் இல்லை. ஒரு மீன் வியாபாரி, கூடையை இறக்காமலே, "மனு எங்க குடுக்கணும்?" என்று உரக்கக் கேட்டார்.

"அண்ணே" என்று கம்பி மெக்கானிக்கின் காதருகே வந்தார். முகம் வெளுத்திருந்தது. "நீங்க பேசிக்கிட்டிருந்தப்ப, அங்க பின்னால, புளிய மரத்துகிட்ட..."

"சொல்லாத" என்றார் மெக்கானிக். "எங்கிட்ட சொல்லாத தம்பி."

கம்பி மைக் ஒயரைச் சுருட்டத் தொடங்கினார்.

தேர்தலில் டாக்டரம்மா தோற்றார். போன தடவையைவிட மூன்று மடங்கு ஓட்டு வந்திருந்தது, ஆனாலும் தோல்விதான். மறுநாளே வழக்கம்போல் கிளினிக்கைத் திறந்து பல் பிடுங்கத் தொடங்கினார். மனுக்கள் மட்டும் நின்றபாடில்லை. கிளினிக் வாசலில் தினமும் வரிசை. பல் வலிக்காரர்கள் எந்த வரிசை தங்களுடையது என்று தெரியாமல் திண்டாடினார்கள். ஒரு மாதத்தில் ஆறாயிரம் மனுக்களை அந்த ஒன்பது பேரும் கை ஓய எழுதிக் கொடுத்தார்கள்.

பிறகு உறைகள் வரத் தொடங்கின. ஊர் அமைதியானது. பஸ்ஸில் ஒருவர் மடியில் பழுப்பு உறை இருந்தால் பக்கத்தில் இருப்பவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். சிலர் உறையைப் பிரிக்காமலே அலுவலகத்துக்குத் திருப்பி அனுப்பினார்கள். மீன் வியாபாரி தன்னுடையதைப் படித்துவிட்டு வியாபாரத்தை விட்டு, பத்து வருஷமாகப் பேசாத அண்ணன் வீட்டுக்குப் போனார் என்று கேள்வி. ஒரு பெண் அழுதுகொண்டே வந்து, தன் பதிவில் தன்னைத் தவிர இரண்டாவது ஆள் இல்லை என்று டாக்டரம்மாவிடம் முறையிட்டாள். டாக்டரம்மா அவளை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்.

மெக்கானிக்கின் மனைவியும் மனுப் போட்டிருந்தார். அவரிடம் சொல்லிவிட்டுத்தான் போட்டார். ஒரு சனிக்கிழமை மத்தியானம் தபால்காரர் கொண்டுவந்தார். மெக்கானிக்தான் கையெழுத்துப் போட்டு வாங்கி, மேஜையில் வைத்து, அது பறக்காமல் இருக்க மேலே உப்பு ஜாடியை வைத்தார். உறை தடிமனாக இருந்தது.

மனைவி வேலை முடிந்து வந்ததும் பார்த்தார். முகம் கழுவினார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மெக்கானிக் எழுந்து வாசல் பக்கம் போய் நின்றார். ஒருவருடைய பதிவு அவருக்கு மட்டுமே உரியது. கணவனானாலும் மனைவியானாலும் கேட்டு வாங்கக்கூடாது. கட்சி விதியில் பதினோராவது.

தாள் புரளும் சத்தம் கேட்டது. ஒரே சீராகக் கேட்டது. பிறகு ஓர் இடத்தில் நின்றது. வெகுநேரம் நின்றது. தெருவில் இரண்டு சைக்கிள்கள் போயின. எதிர்வீட்டுக்காரி கொடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அவர் திரும்பவில்லை.

தாளை மடித்து உறையில் போடும் ஓசை. பீரோ திறந்து மூடும் ஓசை. மனைவி அவருக்குப் பின்னால் வந்து, கதவில் சாய்ந்துகொண்டு நின்றார். என்ன படித்தாரோ, குரல் இளகியிருந்தது.

"ஒண்ணும் கேக்க மாட்டீங்களா?"

கேட்க வேண்டும் என்றுதான் இருந்தது. வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"டீ போடட்டுமா?" என்றார்.

"போடுங்க" என்றார் மனைவி. அவர் அடுப்படிக்குப் போய் இரண்டு டம்ளரை எடுத்து வைத்தார். பாலைக் காய்ச்சிக்கொண்டிருக்கும்போது, மனைவி வாசலில் நின்று தெருமுனைக் கம்பத்தைப் பார்த்தபடியே, யாரையோ எதிர்பார்ப்பவர் போல, மணி என்ன என்று கேட்டார்.